சுளகு மாட்டிய ஓட்டையில் ஒரு நண்டு

என் வீட்டுக்காரர் நண்டு வியாபாரி. கற்பிட்டிக் களப்பில் வலை இழுத்து வரும் படகுகள் விடிந்ததும் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டிலுக்கு வந்து சேரும். நண்டைத் தரம் பிரிப்பது, கையைக் கட்டுவது, லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவது எல்லாம் அங்கேதான். நண்டைத் தூக்கிப் பார்க்கக்கூட அவருக்குத் தேவையில்லை. கூடைக்குள் அது அசைகிற சத்தத்திலேயே சதை நிறைந்ததா, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் வீட்டு ஹோலில், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு நண்டு எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தது. அதைப் பிடித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கொரு விதமாக இந்தக் கதை ஓடுகிறது.

ஹோலில், முன்பு அலுமாரி நின்ற இடத்தில், என் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. நாலடி நீளம். உள்ளே கடல் தண்ணீர், கடல் மீன், பாசி தின்கிற நத்தை, கல், மென்பவளம். புத்தளத்திலிருந்தும் வண்ணாத்திவில்லிலிருந்தும் சொந்தக்காரர் வந்தால் முதலில் கதிரையை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால்தான் உட்காருவார்கள். தேத்தண்ணி ஆறிப்போகும். நான் பள்ளிக்கூடத்தில் ஓஎல் வரை மட்டும் படித்தவள். இந்தத் தொட்டி வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைப்பேசியில் பார்த்தேன், செய்தேன், மீன் செத்தது, அழுதேன், திரும்பவும் செய்தேன். களப்புத் தண்ணீரில் வெயில் காலத்தில் உப்பு ஏறிவிடும், கடல் பக்கத்துத் தண்ணீர்தான் சரி என்பதைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் முதலில் கண்டுபிடித்தேன்.

ஆனால் என் பெருமை மீன் இல்லை, கல். அவை என் உம்மா வீட்டுக் குசினிச் சுவர். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் கடற்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. என் அண்ணன், நாங்கள் நானா என்போம், அந்தக் குசினியை இடித்து புளொக் கல்லில் புதிதாகக் கட்டியபோது, பழைய கல்லை றோட்டுப் பள்ளத்துக்குக் கொட்டப் பார்த்தார்கள். நான் போய் மறித்தேன். சுண்ணாம்பைச் சுரண்டி, கழுவி, நல்ல தண்ணீரில் பல தடவை ஊறவைத்து, பிறகு வலைக்கூடையில் போட்டு, நானா படகு கட்டும் இடத்தில் கடல் தண்ணீர் வந்துபோகும் களப்பின் வாய்ப்பக்கமாக இறக்கி வைத்தோம். கடலிலிருந்து ஒரு துண்டு பவளத்தைக்கூட நான் உடைத்ததில்லை. அது குற்றம் என்பது ஒரு பக்கம். உடைத்து எடுக்க மனம் வராது என்பது இன்னொரு பக்கம். மென்பவளத்தைக்கூட அனுமதியோடு வளர்க்கிற ஒருவரிடம்தான் வாங்கினேன்.

ஒரு வருடம் கழித்துக் கூடையைத் தூக்கியபோது வெள்ளைக் கல் எல்லாம் ஊதாவும் மஞ்சளுமாக இருந்தது. அதில் பஞ்சு வளர்ந்திருந்தது. குழாய்ப் புழுக்கள் சின்னக் குடை விரித்திருந்தன. உடப்பு ஊரிலிருந்து வந்து எங்கள் கொட்டிலில் நண்டுக்குக் கை கட்டுகிற உடப்பு அக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“தங்கச்சி, செத்த செவருக்குப் புள்ள பொறந்திருக்கு.”

அந்தச் சொல்லை நான் இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். தொட்டியைப் பார்க்க வருகிற எல்லோருக்கும் அதை அவள் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுவேன்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு அழைக்காத ஆட்களும் வருவார்கள்தானே. கல்லோடு ஒட்டிக்கொண்டு நண்டுகளும் வந்திருந்தன. டிக்கட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறி வந்தவர்கள். முதலில் நத்தைகள் சாகத் தொடங்கின. வெறும் ஓடு கிடக்கும், அதன் விளிம்பு கடித்த பிஸ்கட் போல உடைந்திருக்கும். பிறகு என் மென்பவளத்தின் ஒரு கிளை கத்தரிக்கோலால் வெட்டியது போல அறுந்து தண்ணீரில் மிதந்தது. பெருவிரல் அளவில் வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வளர்த்தது அது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன்.

“லொறி லொறியா நண்டு ஏத்துற ஊட்டுல, ஒத்த நண்டுக்கு ஒப்பாரியா புள்ள?” என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து குந்தினார். அவருக்கு அது தொழில் விஷயம். கொஞ்ச நேரத்தில் விரலைக் கண்ணாடியில் குத்தினார்.

“இந்தா ஈக்கிறான் ஆள். கையப் பாருங்க! ஒடம்ப விடக் கை பெருசு. இவன்தான்.”

ஐம்பது சத நாணயம் போலத் தட்டையான ஒரு நண்டு. பகலிலேயே கல்லின் மேல் வெளிப்படையாக உட்கார்ந்திருந்தது. இரண்டு கையும் அதன் உடம்பை விடப் பெரியவை. கொட்டிலில் கை பெரிய நண்டைத்தான் முதலில் கட்டுவார்கள், அதுதான் மற்றதை உடைக்கும். எங்கள் வீட்டில் யாரும் நண்டு சாப்பிடுவதில்லை, விற்பதோடு சரி. அதனால் எங்களுக்கு நண்டு என்றால் கையும் பாரமும்தான். அது வாயை எப்படி வைத்திருக்கிறது, என்ன தின்கிறது என்றெல்லாம் இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டிலிருக்கிற மதினியும் வந்துவிட்டா. இவருடைய ராத்தா அவ, மூத்த அக்கா. எதற்கும் தீர்ப்புச் சொல்ல அவ வேண்டும்.

“மொகத்துலேயே களவு தெரியிது,” என்றா.

உடப்பு அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “நான் வேணுமெண்டா கையக் கட்டுறன். ஆனா கயிறு சரிவராது தங்கச்சி, தையல் நூல்தான் வேணும்.”

நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நண்டை நான் நாள்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவள். அதன் வாயருகில் மயிர் வைத்த இரண்டு சின்ன விசிறி இருக்கிறது. அதை மாறி மாறித் தண்ணீரில் வீசி, மிதந்து வருகிற தூசியை வாரி வாய்க்குள் வைக்கும். தொழுகைப் பாயை உதறுகிற மாதிரி ஒரு வீச்சு. அந்தப் பெரிய கை சண்டைக்குத்தான், சாப்பாட்டுக்கு இல்லை. கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன்.

“பாருங்க, இவன் தண்ணிய வடிச்சித் தின்றவன். நத்தைய ஒடைக்கிற பல்லும் இல்ல, கையும் இல்ல.”

“விசிறி வச்சிக்கிறவன் எல்லாம் நல்லவனா?” என்றார் இவர்.

சரி, அப்படியென்றால் கோர்ட்டில் போல விளக்கம் வைப்போம் என்றேன். விசிறிக்காரனை ஜாம் போத்தல் ஒன்றில் பிடித்துப் போட்டு, வாயை வலையால் கட்டி, தொட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் நிறுத்தினேன். மறியல், அதாவது சிறை. அது உள்ளே இருக்கும்போது ஒன்றும் சாகாவிட்டால் அதுதான் குற்றவாளி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். அடுத்த நாள் காலையில் ஒரு நத்தை உடைந்து கிடந்தது. அதுமட்டுமில்லை, மணலில் தூங்குகிற சின்ன மீனின் வாலில் பாதியைக் காணவில்லை. விசிறிக்காரன் போத்தலுக்குள்ளே, பாவம், ஒன்றும் தெரியாமல் விசிறிக்கொண்டிருந்தான்.

நான் சந்தோஷப்படுவதா, மீனுக்காக அழுவதா என்று தெரியாமல் நின்றேன். விடுதலை கொடுத்தேன்.

ஆனால் அந்த வெற்றியே எனக்கு வினையாகிவிட்டது. “அப்ப உள்ளுக்கு வேற ஒருத்தன் ஈக்கிறான். எத்தின பேரெண்டும் தெரியா,” என்றார் இவர். கொட்டிலில் செய்கிற வேலையை வீட்டுக்குள்ளும் செய்து பார்த்தார். நண்டு பிடிக்கிற கூட்டுக்கு இரையாக வைக்கிற பழைய சாளை மீனை நூலில் கட்டி, நான் குசினியில் இருந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குள் இறக்கிவிட்டார். களப்பில் மணம்தான் நண்டை இழுக்கும், பழசாக இருந்தால்தான் நல்லது. நாலடித் தொட்டியில் அது கூடுமா? மத்தியானம் தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது. மீன் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. நானாவுக்குப் போன் அடித்து, கடல் தண்ணீரைக் கேனில் கொண்டுவரச் சொல்லி, பாதித் தண்ணீரை மாற்றித்தான் காப்பாற்றினோம்.

அன்று நானாவும் இவரும் மதினியும் ஹோலிலேயே உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எல்லாக் கல்லையும் வெளியே எடுத்து, விருந்துக்குச் சோறாக்குகிற பெரிய கிடாரத்தில் போட்டு அவித்துவிடுவது. நண்டு எங்கே இருந்தாலும் செத்துப்போகும். மீனை அதுவரை வேறு தொட்டியில் விடுவது.

“கல்லுத்தானே,” என்றார் நானா. “அவிச்சித் திருப்பிப் போடுவம். கல்லு எங்கயும் போகாதே.”

கல் போகாது. அதிலே இருக்கிற அத்தனை உயிரும் போய்விடும். குடை விரிக்கிற புழு, பஞ்சு, விசிறிக்காரன், ஊதா நிறம் எல்லாம். திரும்பவும் றோட்டுப் பள்ளத்துக்குக் கொட்ட இருந்த அதே வெள்ளைக் கல்தான் மிஞ்சும். நான் அவ்வளவையும் சொன்னேன். இவர் கோபப்படவில்லை. “வெள்ளிக்கு முந்திப் புடிச்சிட்டீங்கெண்டா அவிக்கிற பேச்சே இல்ல. புடிங்க பாப்பம்,” என்றார். மதினி தனக்குத் தெரிந்த வீட்டிலிருந்து கிடாரம் கொண்டுவர ஆளையும் பிடித்துவிட்டா.

முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும். நண்டுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது என்று எங்கேயோ பார்த்திருந்தேன். சிவப்புப் பொலித்தீனைக் கைப்பேசி டோர்ச்சில் சுற்றிக் கட்டி, இருட்டும் நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு, தொட்டியின் நீல விளக்கை மட்டும் விட்டு, ஹோல் லைட்டை நிறுத்திவிட்டுக் குந்திக்கொண்டிருந்தேன். கடைசியில் நடுக்கல்லில் ஒரு ஓட்டையின் வாயில் ஒரு கால் தெரிந்தது. காலெல்லாம் மயிர். பிறகு ஒரு கை. சின்னக் கைதான், ஆனால் தடிப்பு. விரல் நுனி இரண்டும் மைக்குள் தோய்த்தெடுத்த மாதிரி கன்னங்கறுப்பு. உடம்பு கல்லின் நிறமேதான், கண்ணை எடுத்தால் பிறகு தேட வேண்டும்.

டோர்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். கைப்பேசியில் பார்த்த படங்களில் எல்லாம் நான் மனத்தில் பிடித்து வைத்தது அந்த நுனியைத்தான். நண்டின் கை எவ்வளவு பெரிது என்று பார்க்காதே, நுனியைப் பார். நுனி கரண்டி போலக் குழிந்திருந்தால் பாசி சுரண்டுகிறவன். விசிறி வைத்திருந்தால் தண்ணீர் வடிக்கிறவன். தடித்த கறுத்த நுனி என்றால் உடைக்கிறவன், அதுவும் மயிர் வைத்திருந்தால் கட்டாயம் சந்தேகப்படு. இந்த ஆள் ஒன்றும் குறையில்லாமல் எல்லாம் வைத்திருந்தான்.

அவன் குடியிருந்த ஓட்டையையும் அப்போதுதான் அடையாளம் கண்டேன். உம்மா குசினியில் அரிசி புடைக்கிற சுளகை மாட்டுகிற ஆணி அடித்திருந்த ஓட்டை. உள்ளே இன்னும் புகைக்கறுப்பு இருந்தது. உம்மாவுக்குப் போன் அடித்துச் சொன்னேன். “என்ட சுளகு ஓட்டையிலயா? அங்க எப்பவும் கரப்பான்தான் ஈந்திச்சி. இப்ப நண்டு வந்தீக்கி, நல்ல முன்னேற்றம்தான்,” என்றா.

பிடிக்கிற வழியும் தெரியும். வழுவழுப்பான நேர்க் கிளாஸ் ஒன்றைக் கல்லில் சாய்த்து வைத்து, உள்ளே புது இறால் துண்டு போட வேண்டும். நண்டு கல்லில் ஏறி உள்ளே விழும், கண்ணாடியில் ஏறி வெளியே வரக் கால் பிடிக்காது. வைத்தேன். காலையில் இறால் அப்படியே கிடந்தது. இடத்தை மாற்றினேன், கிளாஸை மாற்றினேன், ஓட்டைக்கு நேர் கீழேயே வைத்தேன். ஒன்றும் இல்லை. வாசல் வரை வருகிறான், கறுத்த விரலை நீட்டுகிறான், திரும்பிப் போகிறான்.

“நண்டு விருந்துக்குப் போகாதாம், ஊட்டுச் சாப்பாடுதானாம்,” என்று உடப்பு அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. புதன்கிழமை கிடாரம் வந்து வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம். கொட்டிலில் வேலை இல்லை, கூடை எல்லாம் அடுக்கியே கிடந்தன. நான் வெறும் கிளாஸைக் கழுவிக்கொண்டு நிற்கிறேன். இவர் சிலாபத்து வாடிக்கையாளர் ஒருவரோடு கைப்பேசியில் கதைக்கிறார். எத்தனையோ தடவை கேட்ட கதைதான்.

“இல்ல சேர், இப்ப நெலவு காலம். நண்டு மேயப் போகாது, தன்ட நெழலப் பாத்தே பயப்படும். வந்தாலும் பொக்கு. இருட்டு வரட்டும், நான் அனுப்புறன்.”

கிளாஸ் கையில் அப்படியே நின்றது. ஹோலுக்கு ஓடினேன்.

என் தொட்டிக்கு மேலே இரவுக்கென்று ஒரு நீல விளக்கு இருக்கிறது. நிலா வெளிச்சம் போலவே இருக்கும். நானா கொழும்பிலிருந்து வாங்கி வந்தது. வருகிறவர்கள் எல்லாம் ஆசைப்பட்டுப் பார்ப்பார்கள் என்று மஃரிபிலிருந்து விடியும் வரை எரியவிட்டு வைத்திருந்தேன். களப்பில் நிலவு மாதத்தில் கொஞ்ச நாளைக்குத்தான். என் தொட்டியில் மாதம் முழுக்கப் பதினாலாம் நிலவு. ஓட்டை வாசலுக்கு எட்டியதைத்தான் அவன் இதுவரை பிடித்துத் தின்றிருக்கிறான். கரையில் நிலவு பார்த்து நண்டுக்குப் போகாமல் இருக்கிற குடும்பம், வீட்டுக்குள் நிலவைக் கொளுத்தி வைத்துவிட்டு நண்டு வரவில்லை என்று குந்திக்கொண்டிருக்கிறோம்!

விளக்கை நிறுத்தினேன். அது போதாது, ஜன்னல் வழியே மெய்யான நிலவும் வந்து விழும். கைக்கு அகப்பட்டது என் பழைய அபாயா, வெளியே போகும்போது மேலே போடுகிற நீளக் கறுப்பு அங்கி. அதை விரித்துத் தொட்டியை மேலிருந்து கீழ்வரை மூடினேன். பசிக்கட்டும் என்று அன்று மீனுக்கும் சாப்பாடு குறைத்தேன். கிளாஸில் புது இறால். மதினி வாசலில் நின்று வாயில் கையை வைத்தா.

“அல்லாவே! தொட்டிக்கும் அபாயா போட்டீக்கியா?”

“ஓம் மதினி. உள்ளுக்கு ஒருத்தர் வெக்கப்படுறார்.”

அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வரும்வரை பொறுத்திருந்து, அபாயாவின் ஒரு நுனியைத் தூக்கினேன். கிளாஸின் அடியில் இறாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மயிர்க்காலன் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் இரண்டு கறுத்த விரலையும் விரித்துக் காட்டினான். நான் சத்தம் போட்டதில் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த காகம் எல்லாம் பறந்தன.

இவர் பள்ளிவாசலிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றாமலே ஓடி வந்தார். கிளாஸைத் தூக்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, அடிப்பக்கத்தைப் பார்த்தார். கொட்டிலில் ஆணா பெண்ணா என்று அப்படித்தான் பார்ப்பார்.

“கடுவன்,” என்றார். பிறகு விரல் நுனியைப் பார்த்தார். நான் சொல்லாமலே உடைந்த நத்தை ஓடு ஒன்றை எடுத்து, உடைப்பையும் விரலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவருடைய முகம் மாறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல நண்டு கண்டால் வருகிற முகம் அது.

“எப்பிடிப் புடிச்சீங்க?”

“நீங்க சிலாபத்துக்குச் சொன்னீங்களே. நெலவு காலத்துல மேயாதெண்டு. நான் நெலவ நிறுத்தினன்.”

அவர் கிளாஸைக் கவனமாகக் கீழே வைத்தார். பிறகு அந்த நீல விளக்கை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு காலமும் இந்தக் கதைய ஊருக்கெல்லாம் சொல்றன். என்ட ஹோலுக்குள்ள எனக்கே தெரியல்லியே,” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்னொருவன் இருக்கிறானா என்று பிறகும் சில நாட்கள் கிளாஸ் வைத்துப் பார்த்தேன். இல்லை. நத்தை சாகவில்லை. மீனின் வால் வளர்ந்தது. மென்பவளம் அறுந்த இடத்தில் ஒன்றுக்கு இரண்டாகத் தளிர் விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கல் அவிக்க வந்த நானாவுக்கு அவிக்கக் கல் இல்லை. வந்த கிடாரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மதினிக்கு மனமில்லை. நெய்ச்சோறு போட்டா. உம்மாவும் வந்தா, உடப்பு அக்கா தன் வீட்டு ஆட்களோடு வந்தாள். எல்லோரும் சோற்றுக்கு முன் வரிசையாகத் தொட்டியைப் பார்த்தார்கள். உம்மா கண்ணாடியில் விரலை வைத்து, “இந்தா, என்ட ஓட்ட,” என்று காட்டினா. தன் வீட்டுச் சாமானை நாலு பேருக்குக் காட்டுகிற குரலில்.

மயிர்க்காலனைக் கொல்லவில்லை. அவன் அவன் சாப்பாட்டைத்தான் தேடினான், என் சாமானில் தேடியதுதான் பிழை. கொட்டிலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் கல்லோடு தனியாக வைத்திருக்கிறோம். இறால் தலை தின்று கொழுத்துப்போய் இருக்கிறான். நண்டு வாங்க வருகிற பெரிய பெரிய ஆட்களை இவர் முதலில் அவனிடம்தான் கூட்டிக்கொண்டு போவார். போன கிழமை நான் தேத்தண்ணி கொண்டு போகும்போது அவர் சொல்வது காதில் விழுந்தது.

“கை பெருசெண்டு பாத்து ஏமாறக் கூடாது சேர். நுனியப் பாருங்க, நுனிய. இவனப் புடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் இந்தக் கொட்டில்ல நான் இல்ல. அந்தா, தேத்தண்ணியோட வாறாங்க.”

தட்டத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுளகு ஓட்டை காலியாகக் கிடந்ததைப் பார்த்து விசிறிக்காரன் அங்கே குடிபோய்விட்டான். வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறான், வீட்டுக்காரன் மாதிரி.